உமர் தம்பி

உமர் தம்பி (ஜூன் 15, 1953 – ஜூலை 12, 2006) தமிழ்க் கணிமைக்குத் தன்னார்வத்துடன் பங்களித்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர். தஞ்சாவூர் மாவட்டம் அதிராம்பட்டினத்தைச் சேர்ந்தவர். தேனீ என்னும் ஒருங்குறித் தமிழ் எழுத்துருவையும் அதன் இயங்கு எழுத்துரு வடிவத்தையும் உருவாக்கி இலவசமாக வழங்கியவர். எழுத்துரு மாற்றிகள், ஒலியியல் முறையில் தமிழ் எழுதும் செயலி, செய்தியோடை உருவாக்கும் செயலி முதலியவற்றையும் ஆக்கியளித்தார். ஒருங்குறி தமிழ் இணையத்தில் வேரூன்றாத காலத்தில் அதைப் பரப்புவதில் முனைந்து நின்றதால் யுனிகோடு உமர் என்ற பெயராலும் அறியப்பட்டார்.

இளமையும் தொழிலும்

அதிராம்பட்டினம் பட்டுக்கோட்டைக்கு அருகில் வங்கக் கடலோரமாக அமைந்த ஊர். உப்பளங்களுக்கும் மீன்பிடித் தொழிலுக்கும் பெயர் பெற்றது. இவ்வூரின் காதிர் முகைதீன் கல்லூரி 1950களில் தொடங்கப்பட்டது. சுற்று வட்டார மாணவர்கள் வெளியூர் செல்லாமலே பட்டம் பெற அது வழி செய்தது. உமர் தம்பி அங்குப் பயின்றவர். கல்லூரிப் படிப்பு அறிவியல் சார்ந்தது. எனினும் அவரது ஈடுபாடு மின்னணுவியலிலேயே இருந்தது. அதற்கெனத் தனியே பயிற்சி பெற்று, வானொலிப் பெட்டிகளையும் பிற மின்னணுக் கருவிகளையும் பழுதுபார்க்கும் பணிமனை ஒன்றைச் சொந்த ஊரில் நடத்தினார். இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு வீடு கேட்கப்பட்ட காலம் அது. வானொலிப் பழுதுபார்ப்பவருக்கு ஊரில் வேலைக்குக் குறைவிருக்கவில்லை.

1980களின் நடுப்பகுதியில், அவ்வூரார் பலரைப் போலவே இவரும் வளைகுடாவுக்குச் சென்றார். துபாயில் ஒரு மின்னணுச் சாதன நிறுவனத்தின் பழுதுபார்க்கும் பிரிவில் பணியேற்றார். நிறுவனங்களில் கணினிகள் புகுந்த காலத்தில் கணினி வன்பொருளையும், அடுத்து நிரலாக்கத்தையும் கற்றுக்கொண்டார். கணினியியலில் இவர் பட்டம் எதுவும் பெறவில்லை. பழுதான கருவியைத் திறந்து, குறை எங்கே என்று தேடிச் சென்று சரிசெய்யும் தொழிலில் பல ஆண்டுகள் இருந்தவர் என்பதைப் பிற்காலத்தில் அவர் ஆக்கிய செயலிகளிலும் காண முடிகிறது. பெரிய திட்டமாக அவர் எதையும் தொடங்கவில்லை. பயனர் ஒருவர் எங்கே இடறுகிறார் என்று பார்த்து, அந்த இடத்துக்கு வேண்டிய சிறு கருவியைச் செய்து கொடுத்தார்.

2000களின் தொடக்கத்தில் வேலையை விட்டுத் தாயகம் திரும்பினார். தமிழ்க் கணிமைக்கான அவரது பணிகள் பெரும்பாலும் இதன் பின் வந்த சில ஆண்டுகளுக்குள் அடங்குபவை.

அன்றைய தமிழ் இணையம்

உமர் தம்பியின் பணி எத்தகையது என்பதை அறிய, 2000ஆம் ஆண்டையொட்டி இணையத்தில் தமிழ் இருந்த நிலையை அறிதல் வேண்டும்.

வலையில் தமிழ் எழுத்துகள் 1995இலேயே தோன்றிவிட்டன. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவ்வாண்டு மேற்கொண்ட முயற்சி இதில் முன்னோடியானது. அதன் பின் பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள் தத்தம் விருப்பப்படி எழுத்துருக்களை உருவாக்கினர். ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின் இடத்தில் தமிழ் எழுத்துகளின் வடிவங்களை அமர்த்துவதே அன்றைய முறை. எந்த எண்ணில் எந்த எழுத்து அமரும் என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறியது. பாமினி எழுத்துருவில் எழுதியதை வேறொரு எழுத்துருவில் பார்த்தால் ஒரு சொல்லும் புரியாது. எழுத்துரு இல்லாத கணினியிலோ ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையே தெரியும். நாளிதழ்களும் வார இதழ்களும் ஆளுக்கொரு எழுத்துருவை வைத்திருந்தன. ஐந்து தளங்களைப் படிக்க விரும்பியவர் ஐந்து எழுத்துருக்களைத் தரவிறக்கி நிறுவ வேண்டியிருந்தது.

இக்குழப்பத்தைத் தீர்க்க இரு முயற்சிகள் நடந்தன. தமிழ் ஆர்வலர்கள் இணையம் வழியே கூடி விவாதித்து திஸ்கி என்ற குறியீட்டு முறையை வகுத்தனர். தமிழ்நாடு அரசு 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி தாம், தாப் என்னும் இரு முறைகளை அறிவித்தது. இவை யாவும் 8 துணுக்கு முறைகள். அதாவது 256 இடங்களுக்குள் ஆங்கிலத்தையும் தமிழையும் அடக்கியவை.

ஒருங்குறி இவற்றிலிருந்து வேறுபட்டது. உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே குறியீட்டில் இடமளிக்கும் நோக்குடன் 1991இல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இந்திய அரசின் இஸ்கி முறையைத் தழுவி அமைந்த அந்த ஒதுக்கீட்டில் உயிர்மெய் எழுத்துகளுக்குத் தனித்தனி இடமில்லை. மெய்யுடன் உயிர்க்குறிகளைச் சேர்த்து எழுத்தை உருவாக்கும் பொறுப்பு கணினியின் இயங்குதளத்துக்கு விடப்பட்டது. இது குறித்துத் தமிழறிஞர்களிடையே எழுந்த கருத்து வேறுபாடு நெடுங்காலம் நீடித்தது. இயங்குதளம் அந்தப் பொறுப்பை ஏற்கும் வரை ஒருங்குறித் தமிழ் பெயரளவில் மட்டுமே இருந்தது. 2000இல் வெளிவந்த விண்டோஸ் 2000தான் தமிழ் ஒருங்குறியை ஆதரித்த முதல் விண்டோஸ் பதிப்பு. லதா எழுத்துரு அதனுடன் வந்தது.

2003 தொடங்கி தமிழ் வலைப்பதிவுகள் பெருகின. அதே ஆண்டில் தமிழ் விக்கிப்பீடியாவும் தொடங்கியது. 2004இல் காசி ஆறுமுகம் உருவாக்கிய தமிழ்மணம் தளம் வலைப்பதிவுகளை ஓரிடத்தில் திரட்டியது. இவை அனைத்துக்கும் ஒருங்குறியே பொருத்தமாக இருந்தது. தேடுபொறியில் தமிழ்ச் சொல்லை இட்டுத் தேடவும், ஒரு தளத்திலிருந்து மற்றொன்றுக்கு உரையைச் சிதையாமல் எடுத்துச் செல்லவும் அதனால் மட்டுமே இயன்றது. தமிழா! குழுவின் எ-கலப்பை விசைப்பலகைச் செயலி ஒருங்குறியில் எழுதுவதை எளிதாக்கியது. சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் மாற்றி, பழைய எழுத்துருக்களில் இருந்தவற்றை ஒருங்குறிக்குக் கொண்டுவந்தது. எழுதுவோரின் சிக்கல் பெருமளவு தீர்ந்தது.

படிப்போரின் சிக்கல் தீரவில்லை. வீடுகளில் கணினி அரிதாக இருந்த அக்காலத்தில் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் இணையத்தைக் கண்டது இணைய மையங்களில்தான். அதிராம்பட்டினம் போன்ற கடற்கரை ஊராயினும், திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைப் பகுதியாயினும், மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிய அந்த மையங்களில் விண்டோஸ் 98 நிறுவிய கணினிகள் பல ஆண்டுகள் ஓடின. அதில் தமிழ் ஒருங்குறி எழுத்துரு கிடையாது. விண்டோஸ் எக்ஸ்பியிலும் தமிழ் முழுமையாக இயங்க, மொழி அமைப்புகளுக்குள் சென்று சிக்கலான வரிவடிவங்களுக்கான ஆதரவைத் தெரிவு செய்து, நிறுவல் குறுந்தகட்டையும் இட வேண்டியிருந்தது. அரை மணி நேரத்துக்குக் கட்டணம் செலுத்தி அமர்ந்த ஒருவர் இதைச் செய்ய இயலாது. புதிதாக எதையும் நிறுவ மையத்தின் உரிமையாளர் அனுமதிப்பதுமில்லை. ஆகவே வாசகர் கண்டவை வரிசை வரிசையாய்க் கட்டங்களும் கேள்விக்குறிகளுமே. அயல்நாட்டில் புதுக் கணினி வைத்திருந்த தமிழர் எழுதியதை அவரது சொந்த ஊரில் இருப்பவர் படிக்க முடியவில்லை.

தேனீ இயங்கு எழுத்துரு

இந்த இடத்தில்தான் உமர் தம்பியின் முதன்மையான பங்களிப்பு அமைகிறது.

எழுத்துருவைக் கணினியில் நிறுவாமல், வலைப்பக்கத்தோடு சேர்த்தே அனுப்பிவிடும் வழி ஒன்று முன்னரே இருந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 1997இல் வெளியிட்ட இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 உலாவி, இஓடி என்ற வடிவிலான எழுத்துருக் கோப்புகளை வலைப்பக்கத்தின் வழியே பெற்றுக் காட்டும் திறன் கொண்டிருந்தது. இதைத் தமிழில் இயங்கு எழுத்துரு என்பர். வலைப்பக்கத்தின் நடைதாளில் எழுத்துருவின் பெயரையும் அது வைக்கப்பட்டுள்ள முகவரியையும் இரண்டு மூன்று வரிகளில் குறித்தால் போதும். உலாவி அக்கோப்பை எடுத்து அந்தப் பக்கத்துக்கு மட்டும் பயன்படுத்திக்கொள்ளும். கணினியின் எழுத்துருத் தொகுப்பில் அது சேராது. எனவே நிறுவும் அனுமதியும் தேவையில்லை. தமிழ்ச் செய்தித் தளங்கள் சில இம்முறையைத் தத்தம் 8 துணுக்கு எழுத்துருக்களுக்குக் கையாண்டு வந்தன.

உமர் தம்பி இதை ஒருங்குறி எழுத்துருவுக்குப் பயன்படுத்தினார். அதில் ஒரு தடை இருந்தது. ஒருங்குறித் தமிழைச் சரியாகக் காட்ட எழுத்து வடிவங்கள் மட்டும் போதா. கொ என்ற எழுத்தை எடுத்துக்கொண்டால், கணினி சேமிப்பது ககர மெய்யின் எண்ணையும் ஒகரக் குறியின் எண்ணையும் மட்டுமே. அந்த ஒரு குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னும் காலைப் பின்னும் இட வேண்டும். இவ்வேலையைச் செய்யும் நிரலகம் விண்டோஸ் 98இன் கூறாக இல்லாவிட்டாலும், இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் பிந்தைய பதிப்புகளுடன் வந்து சேர்ந்திருந்தது. இயங்குதளம் அறியாத தமிழை உலாவி அறிந்திருந்தது எனலாம். இல்லாதது எழுத்துரு மட்டுமே. அதைப் பக்கத்தோடு அனுப்பிவிட்டால் பழைய கணினியிலும் தமிழ் தெரிந்துவிடும்.

அதற்கு, தடையின்றிப் பகிரத்தக்க ஒருங்குறி எழுத்துரு தேவைப்பட்டது. நிறுவனங்களின் எழுத்துருக்களை இவ்வாறு ஊர்முழுதும் பகிர உரிமச் சிக்கல் உண்டு. உமர் தம்பி தாமே எழுத்துருவை உருவாக்கி, அதை யாரும் பயன்படுத்தலாம் என்று விட்டதால் அச்சிக்கல் எழவில்லை. அவ்வாறு உருவானதே தேனீ. வைகை என்ற பெயரிலும் ஓர் எழுத்துருவை அவர் வெளியிட்டார்.

வலைப்பதிவர்களிடையே தேனீ விரைவாகப் பரவியது. வார்ப்புருவில் சில வரிகளை ஒட்டினால் போதும். அதை எங்கே ஒட்டுவது என்ற விளக்கமும் பதிவர்களிடையே கைமாறியது. நிரலாக்கம் அறியாத இல்லத்தரசியரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் அதைச் செய்தனர். அன்றைய தமிழ் வலைப்பதிவுகள் பலவற்றின் மூல நிரலில் தேனீயின் பெயர் இருந்தது. அப்பக்கங்களைப் படித்தவர்களுள் பெரும்பாலோர் அப்பெயரை அறிந்திருக்க மாட்டார்கள். தமிழ் தெரிந்தது, படித்தார்கள். இயங்கு எழுத்துருவின் வெற்றியும் அதுவே, அதை ஆக்கியவரின் பெயர் வெளியே தெரியாமல் போனதற்குக் காரணமும் அதுவே.

எழுத்துருவின் வடிவழகு பற்றிப் பெரிதாகச் சொல்ல இல்லை. அச்சுக்கலை நோக்கில் தேனீயைவிடச் செப்பமான எழுத்துருக்கள் அன்றும் இருந்தன. திரையில் சிறிய அளவில் தெளிவாகத் தெரிய வேண்டும், கோப்பு மெதுவான தொலைபேசி இணைப்பிலும் இறங்க வேண்டும் என்பனவே இத்தகைய எழுத்துருவுக்கு இன்றியமையாதவை.

உலாவிகளின் எல்லை

இயங்கு எழுத்துருவுக்குப் பெருங்குறை ஒன்று இருந்தது. இஓடி வடிவம் மைக்ரோசாப்ட் நிறுவனத்துக்கு உரியது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே இயங்கியது. நெட்ஸ்கேப் 4 உலாவியில் வேறொரு வகை இயங்கு எழுத்துரு இருந்தும், நெட்ஸ்கேப் தன் மூல நிரலை 1998 மார்ச் 31 அன்று திறந்துவிட்ட பின் உருவான மோசில்லாவில் அது தொடரவில்லை.

இதனால் தமிழ்ப் பயனர்களிடையே ஒரு முரண் தோன்றியது. கட்டற்ற மென்பொருளில் ஆர்வம் கொண்டோர் மோசில்லாவையும், 2004 நவம்பர் 9 அன்று முதல் பதிப்பு வெளியான பயர்பாக்சையும் விரும்பினர். தமிழா! குழுவினர் இவ்வுலாவியைத் தமிழாக்கவும் செய்தனர். 2005 ஏப்ரலில் இந்திய அரசு சென்னையில் வெளியிட்ட தமிழ் மென்பொருள் குறுந்தகட்டில் தமிழ்ப் பயர்பாக்சும் இடம்பெற்றது. பட்டிகளும் பொத்தான்களும் தமிழில் அமைந்த உலாவி அதுவே. ஆனால் பழைய கணினியில் தமிழ்ப் பக்கங்களைக் காட்டுவதில் அது பின்தங்கியது. எக்ஸ்பியில் சிக்கலான வரிவடிவங்களுக்கான ஆதரவு நிறுவப்படாதிருந்தால் பயர்பாக்சில் கொம்புகள் இடம் மாறின, புள்ளிகள் தனித்து நின்றன. வரிகளை இருபுறமும் சீராக்கும் கட்டளையைப் பதிவர் தம் பக்கத்தில் இட்டிருந்தால், எல்லா வசதியும் உள்ள கணினியிலும் பயர்பாக்சு தமிழ் எழுத்துகளை உடைத்துக் காட்டியது. அக்கட்டளையை நீக்குமாறு பதிவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது அந்நாளில் வழக்கமான காட்சி.

ஆகவே தேனீயின் பயன் முழுதும் மூடிய நிரல் கொண்ட ஓர் உலாவியைச் சார்ந்திருந்தது. தாம் ஆக்கியதை விலையின்றி வழங்கிய ஒருவரின் உழைப்பு, தனியார் நிறுவனமொன்றின் கோப்பு வடிவத்தில் ஏறித்தான் பழைய கணினிகளைச் சென்றடைய முடிந்தது. இதைக் கொள்கைப் பிழையாகக் கொள்வதற்கில்லை. இணைய மையத்தில் இருந்த உலாவி அது ஒன்றே.

பயர்பாக்சின் குறைகள் உமர் தம்பி மறைந்த பின்னரே நீங்கின. 2008 ஜூனில் வெளியான பயர்பாக்சு 3, எழுத்துகளைக் கோக்கும் பொறியை முற்றிலும் மாற்றி, தமிழைச் சிதைவின்றிக் காட்டியது. 2009 ஜூனில் வெளியான 3.5 பதிப்பு, பக்கத்தோடு வரும் எழுத்துருக்களை இஓடி வடிவின்றியே ஏற்றது. 2010இல் 3.6 பதிப்புடன் வோஃப் என்ற பொது வடிவம் அறிமுகமாயிற்று. 2012 டிசம்பரில் அது உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாகவும் ஏற்கப்பட்டது. தேனீ ஓர் உலாவியில் மட்டும் செய்தது அனைத்து உலாவிகளிலும் இயல்வது இதன் பின்னரே.

பிற செயலிகள்

எழுத்துருவைத் தவிர உமர் தம்பி ஆக்கிய செயலிகள் பல. ஒவ்வொன்றும் அளவில் சிறியது. அன்றாடம் ஒருவர் எதிர்கொண்ட குறிப்பிட்ட இடையூற்றைத் தீர்ப்பதாக அமைந்தது.

ஏடபிள்யூசி ஒலியியல் ஒருங்குறி எழுதி, ஆங்கில விசைகளை ஒலிப்புக்கேற்பத் தட்டினால் தமிழ் எழுத்தைத் தருவது. தட்டச்சு பயிலாதவர்களும், தனி மென்பொருளை நிறுவ இயலாதவர்களும் இத்தகைய எழுதிகளையே நம்பியிருந்தனர்.

எண் குறிப்புகளை எழுத்தாக்கும் மாற்றி மற்றொன்று. இதன் தேவை இன்றைய மாணவர்க்கு எளிதில் விளங்காது. அன்றைய வலைத்தளங்களும் மின்னஞ்சல் சேவைகளும் பல, ஒருங்குறித் தமிழைப் பெற்றதும் எழுத்துகளுக்குப் பதில் அவற்றின் எண்களைச் சேமித்துவிடும். த என்ற எழுத்து 2980 என்றும், அ என்ற எழுத்து 2949 என்றும், முன்னும் பின்னும் குறிகளோடு நிற்கும். உலாவியில் சரியாகத் தெரிந்தாலும், அவ்வுரையை எடுத்துத் திருத்த முயன்றால் பக்கம் முழுதும் எண்களே காணப்படும். ஒரு பத்திக் கட்டுரை பல பக்க எண்களாக விரியும். அவ்வெண்களைத் திரும்ப எழுத்தாக்க உமர் தம்பியின் மாற்றி உதவியது. பழைய குறியீடுகளிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகளையும் அவர் ஆக்கினார்.

செய்தியோடை உருவாக்கும் செயலி வலைப்பதிவு அல்லாத தளங்களை நடத்தியவர்களுக்குப் பயன்பட்டது. திரட்டிகள் ஆர்எஸ்எஸ் எனப்படும் செய்தியோடையைக் கொண்டே புதிய ஆக்கங்களை அறிந்துகொள்கின்றன. வலைப்பதிவுச் சேவைகளில் அது தானாக உருவாகும். கையால் பக்கங்களை எழுதித் தளம் நடத்தியவருக்கு அவ்வசதியில்லை. தலைப்பு, சுருக்கம், முகவரி ஆகியவற்றை இட்டால் ஓடைக்கான கோப்பை இச்செயலி ஆக்கித் தந்தது. இணைய இணைப்பு இல்லாத போதும் இதனைப் பயன்படுத்த இயன்றது. இணைப்பில் இல்லாமலே தமிழில் மின்னஞ்சல் எழுதி வைத்துக்கொள்ளும் செயலியையும் அவர் ஆக்கியதற்குக் காரணம் அதுவே. நிமிடக் கணக்கில் இணைப்புக்குக் காசு கொடுத்த நாள்களில், எழுதுவதை வெளியே முடித்துக்கொண்டு அனுப்புவதற்கு மட்டும் இணைப்பில் அமர்வதே சிக்கனம்.

பயனர்களுடன்

உமர் தம்பி யாகூ மின்னஞ்சல் குழுக்களில் தமிழ்க் கணிமை பற்றிய ஐயங்களுக்கு விடையளிப்பதில் நேரம் செலவிட்டார். ஒருங்குறி வேண்டுமா, திஸ்கி போதுமா என்ற வாதம் அக்குழுக்களில் சூடாக நடந்த காலம் அது. திஸ்கியில் பல ஆண்டுகளாக எழுதிக் குவித்தவர்கள் மாறத் தயங்கினர். அத்தயக்கத்துக்கு நியாயமும் இருந்தது. ஒருங்குறிக்கு மாறினால் பழைய கணினி வைத்திருக்கும் வாசகரை இழக்க நேரும் என்பதே அவர்கள் முன்வைத்த வலுவான காரணம். தேனீ இயங்கு எழுத்துரு அக்காரணத்தைப் பெருமளவு வலுவிழக்கச் செய்தது. ஒருங்குறியின் சிறப்பை எடுத்துரைத்த கட்டுரைகள் பல வந்தன. வாசகரை இழக்காமலே மாற முடியும் என்று செய்து காட்டியது இந்த எழுத்துரு. அவரது பணிகளுள் நிலைத்த விளைவை ஏற்படுத்தியது எது என்றால் இதையே கூற வேண்டும்.

தாம் ஆக்கியவற்றுக்கு அவர் விலை வைக்கவில்லை. எழுத்துருக்களும் சொற்செயலிகளும் விற்பனைப் பொருளாக இருந்த அந்நாளில் இது அரிது. தமிழ்க் கணிமையில் அன்று உழைத்த தன்னார்வலர் பலரும் இவ்வாறே செய்தனர். பெரும்பாலோர் அமெரிக்கா, ஐரோப்பா, சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளில் பணியாற்றிக்கொண்டே மாலையிலும் விடுமுறையிலும் இதற்கு நேரம் ஒதுக்கியவர்கள். வேலையை விட்டு ஊர் திரும்பி, சிற்றூர் ஒன்றிலிருந்து இப்பணியைத் தொடர்ந்தவர் என்ற வகையில் உமர் தம்பி அவர்களிடமிருந்து சற்று வேறுபடுகிறார். எவருடைய கணினிக்காக அவர் செயலிகளை ஆக்கினாரோ, அவர்கள் அவரைச் சுற்றியே இருந்தனர்.

மறைவு

உமர் தம்பி 2006 ஜூலை 12 அன்று தமது 53ஆம் அகவையில் காலமானார். தமிழ் வலைப்பதிவுகளில் அஞ்சலிக் குறிப்புகள் வெளிவந்தன. தாம் நாள்தோறும் பயன்படுத்திய எழுத்துருவை ஆக்கியவர் யார் என்பதைப் பலர் அப்போதுதான் அறிந்துகொண்டனர்.

தனியொருவர் உழைப்பில் உருவான செயலிகளுக்கு, அவர் மறைந்த பின் நேரும் கதி தெரிந்ததே. இலவச இடங்களில் வைக்கப்பட்ட கோப்புகள் அவ்விடங்கள் மூடப்படும்போது மறைகின்றன. 2009 அக்டோபரில் யாகூ நிறுவனம் ஜியோசிட்டீசை மூடியபோது தமிழர் பலரின் பக்கங்களும் அழிந்தன. பெருங்குழுவாக இயங்கும் திறமூலத் திட்டங்களில் ஒருவர் விலகினால் மற்றொருவர் நிரலை எடுத்துத் தொடர்கிறார். மோசில்லா அவ்வாறே நிலைத்தது. சிற்றூரிலிருந்து தனியே உழைத்தவருக்குப் பின் அவ்வாறு எடுத்துத் தொடரும் அமைப்பு தமிழில் அன்று வலுவாக இல்லை.

தேனீ இயங்கு எழுத்துருவின் தேவை மெல்லக் குறைந்தது வேறு காரணத்தால். விண்டோஸ் விஸ்டா 2007இல் தமிழ் ஆதரவைத் தனியே நிறுவத் தேவையில்லாமல் வெளிவந்தது. பழைய கணினிகள் கழிந்தன. இணைய மையங்களும் காலப்போக்கில் குறைந்தன. 2015இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட எட்ஜ் உலாவி இஓடி வடிவத்தையே கைவிட்டது. பழைய பதிவுகளின் வார்ப்புருக்களில் இருந்த அவ்வரிகளால் தீங்கொன்றும் நேரவில்லை. குறித்த எழுத்துரு கிடைக்காதபோது உலாவி கணினியிலுள்ள தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்கிறது. பதிவு ஒருங்குறியில் இருப்பதால் எழுத்து தெரிகிறது. 8 துணுக்கு எழுத்துருக்களில் எழுதி விடப்பட்ட அக்காலப் பக்கங்களுக்கு அந்த வாய்ப்பில்லை. மாற்றி ஒன்றின் துணையின்றி அவற்றைப் படிக்க இயலாது.

செம்மொழி மாநாடு

2010 ஜூனில் கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றது. அதனுடன் இணைந்து தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அதை முன்னிட்டு, உமர் தம்பியின் பணிக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்று தமிழ் வலைப்பதிவர்கள் வேண்டுகோள் விடுத்தனர். விருது, பட்டம் எதுவும் அவர் வாழ்ந்த நாளில் தேடி வராதிருந்த நிலையில், அவருடைய எழுத்துருவால் பயன்பெற்றவர்களே முன்வந்து எழுப்பிய கோரிக்கை அது. இணைய மாநாட்டின் அரங்குகளுள் ஒன்றுக்கு உமர் தம்பி அரங்கம் எனப் பெயர் சூட்டப்பட்டது.

தமிழ்நாடு அரசு தன் பழைய தாம், தாப் முறைகளை விடுத்து, ஒருங்குறியைத் தமிழுக்கான தரமாக ஏற்று ஆணை பிறப்பித்ததும் அதே மாதத்தில்தான். ஒருங்குறி இடம்பெறாத பயன்பாடுகளுக்கு 16 துணுக்கு முறையான தேஸ் அவ்வாணையில் மாற்றாக அறிவிக்கப்பட்டது.